ஹார்வர்டை ஜெயித்த சின்னக் கல்லூரி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாளை கோச்:
பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்கிறேன். இன்டர் காலேஜ் போட்டி வந்துவிட்டால் எங்கள் பையன்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பெரிய கல்லூரிக்காரர்கள் ஒரே மாதிரி ட்ராக் சூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இவர்கள் முகம் வாடிவிடும். நல்லா ஆடுகிற பையன்கள், வயிறு எரிகிறது. அமெரிக்காவில் சில நூறு பேரே படித்த ஒரு கல்லூரி ஹார்வர்டை ஜெயித்ததாக ஒருவர் சொன்னார். உண்மையா? எப்படி ஜெயித்தார்கள்?

வீரவநல்லூரான்:
உண்மைதான் அண்ணாச்சி. கென்டக்கி மாநிலம், டான்வில் என்ற சின்ன ஊர், சென்டர் கல்லூரி. 1921 அக்டோபர் 29 அன்று ஹார்வர்ட் மைதானத்திலேயே 6-0. நான் லூயிவில்லில் வேலை பார்க்கிறேன், அந்தக் கல்லூரிக்குப் போயிருக்கிறேன். 'சி6எச்0' (சென்டர் 6, ஹார்வர்ட் 0) என்று வேதியியல் பாடத்தில் வருகிற மாதிரி சுவரில் வெள்ளை பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். முதல் பாதியில் யாருக்கும் புள்ளி இல்லை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் சென்டர் அணியின் போ மெக்மில்லின் 32 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். அதற்குத்தான் அந்த 6 புள்ளி. அப்புறம் கடைசி வரை தடுத்தே நின்றார்கள். எதிரே நின்றது லேசுப்பட்ட அணி இல்லை. 1919, 1920 இரண்டு சீசனிலும் ஹார்வர்ட் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

எப்படி என்று கேட்டீர்களே, மெக்மில்லினும் இன்னும் சிலரும் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் ஊரில் ஒரே பள்ளி அணியில் ஆடியவர்கள். அவர்களுடைய கோச் ராபர்ட் மையர்ஸ் சென்டரில் படித்தவர். தன் பழைய கல்லூரிக்கே அவர்களைக் கூட்டி வந்தார். வந்தபின், தன்னைவிட விஷயம் தெரிந்தவர் என்று சார்லி மோரனிடம் பயிற்சியை ஒப்படைத்துவிட்டார். மெக்மில்லினின் ஓட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று. 1920-இல் இதே ஹார்வர்டிடம் 31-14 என்று தோற்றிருந்தார்கள். அதிலும் பாதி ஆட்டம் வரை 14-14.

தென்காசிக்காரன்:
சுவானியை விட்டுவிட்டீர்களே! டென்னசி மலைமேல் இருக்கும் சின்னப் பல்கலைக்கழகம். 1899 நவம்பரில் ரயிலில் கிளம்பி, 6 நாளில் 5 ஆட்டம் ஆடி ஐந்தையும் ஜெயித்தார்கள். டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், டுலேன், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்), மிசிசிப்பி என்று ஐந்து கல்லூரி அணிகள். ஐந்து பேருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. அந்த சீசன் முழுக்க இவர்கள்மேல் புள்ளி எடுத்த ஒரே அணி ஆபர்ன்தான். அதுவும் 11-10 என்று தோற்றது.

பாளை கோச்:
ரொம்ப நன்றி தம்பிகளா. பையன்களிடம் 1920 ஆட்டத்தைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். இந்த வருஷம் மேலப்பாளையத்திலிருந்து ஒரே பள்ளியில் ஆடிய மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தன் திரும்பிப் பார்க்காமலே மற்றவனுக்குப் பந்தைத் தட்டிவிடுகிறான். இடது பக்கம் முழுக்க அவர்களிடமே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரி, அந்த மையர்ஸ் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாரா?

வீரவநல்லூரான்:
இல்லை அண்ணாச்சி, அங்கேயேதான் இருந்தார். கல்லூரியின் விளையாட்டுத் துறையைக் கவனித்துக்கொண்டார்.