கன்ட்ரோலரில் பதிவை எடுக்கும் வரிகள்: புதுப்பிப்பு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பால் சங்கம் ஒன்றுக்காக ரெயில்ஸில் (ரூபி மொழியில் வலைச் செயலிகள் எழுதும் கட்டமைப்பு) நான் எழுதிய கணக்குச் செயலியில், கன்ட்ரோலரின் (வரும் கோரிக்கைகளைக் கையாளும் பகுதி) ஷோ, எடிட், அப்டேட், டெஸ்ட்ராய் (காட்டு, திருத்து, புதுப்பி, நீக்கு) ஆகிய நான்கு செயல்களிலும் உறுப்பினர் பதிவைத் தேடி எடுக்கும் ஒரே மாதிரி வரி திரும்பத் திரும்ப வருவதை எப்படிக் குறைப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி அந்த வரியைப் பிரைவேட் மெத்தட் (கன்ட்ரோலருக்குள் மட்டும் பயன்படும் செயற்கூறு) ஒன்றுக்குள் வைத்து, ஒவ்வொரு செயலுக்கும் முன் அதைத் தானாக ஓடவைக்கும் பிஃபோர் ஆக்‌ஷன் மூலம் அழைத்தேன். இந்த நான்குக்கு மட்டும் என்று 'ஒன்லி' வரம்பு போட மறந்ததால், பதிவின் எண்ணான ஐடி எதுவும் வராத இன்டெக்ஸ் (பட்டியல்) பக்கம் உடனே 404 ('கிடைக்கவில்லை') பிழை காட்டியது. அது என் அவசரம்.

எதிர்பாராத பலன் வேறொன்று. வரிகளை ஒன்றாக்கும்போதுதான், மற்ற மூன்றும் உள்நுழைந்தவரின் கிளைக்குள் மட்டும் தேட, எடிட் மட்டும் முழு அட்டவணையிலும் தேடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதாவது உலாவியின் முகவரியில் பதிவு எண்ணை மாற்றினால் சித்தூர்க் கிளை ஊழியர் வாளையார் உறுப்பினரின் கணக்கைத் திறந்துவிடலாம். இப்போது தேடல் ஒரே இடத்தில், கிளை வழியாகவே நடக்கிறது. பதிவு இல்லாதபோது 'நில்' (வெற்று மதிப்பு) தரும் ஃபைண்ட் பை-யை விட்டு, பிழை எழுப்பும் ஃபைண்டையே வைத்திருக்கிறேன்.

எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் பொதுவாக, கன்ட்ரோலரின் பெயரைப் பார்த்து மாடலை (தரவு அட்டவணையைக் குறிக்கும் பகுதி) ஊகிக்கும் மெத்தட் எழுதலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. ஐந்தே கன்ட்ரோலர்களுக்கு அது மிகை.