ஒரு வேளை சாப்பாட்டை விட்டவர்கள்: நேரில் பார்த்தது

இரவுப்பணி செவிலியர்
வெளியே மழைக்குளிர். ஆனா கூட்டிட்டு வந்த சர்க்கரை நோயாளியோட சட்டையைப் பிழிஞ்சா தண்ணி சொட்டும், அவ்வளவு வியர்வை. அதிகாலை 3 மணி, சர்க்கரை மீட்டரில் 48. ராத்திரி பசியில்லைன்னு சாப்பாட்டை விட்டவர், கிளிமெபிரைடுங்கிற சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமப் போட்டிருக்கார். வயிறு காலியா நிறைஞ்சிருக்கான்னு அந்த மாத்திரை பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்க வெச்சுக்கிட்டே இருக்கும். தூக்கத்தில் புலம்பினதை வீட்டுல கெட்ட கனவுன்னு நினைச்சுட்டாங்க. அப்புறம் சாக்லேட் கொடுத்திருக்காங்க. அதிலுள்ள கொழுப்பால சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். 15 கிராம் சர்க்கரையை, தலைதட்டிய டீஸ்பூனில் மூணு நாலு, தண்ணியில் கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாருங்க. 70க்குக் கீழேயே இருந்தா இன்னொரு தடவை. ஏறிடுச்சேன்னு படுக்க விட்டுடாதீங்க. மாத்திரையின் வேலை மணிக்கணக்கா நீடிக்கும், திரும்ப இறங்கும். அதனாலதான் ஆஸ்பத்திரியில் வெச்சுப் பார்க்கிறோம். நினைவு தப்பினவங்க வாயில் எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

கணக்குப் பிரிவு மேற்பார்வையாளர்
மாதக் கடைசி. காலையும் மதியமும் சாப்பிடாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கணக்கு 540 ரூபாய் உதைத்தது. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம், அவருக்கும் அது தெரியும். 6,930ஐ 6,390 என்று ஏற்றியிருந்தார். அந்த வரியின் மேல் விரலை வைத்தபடியே மூன்று முறை கடந்து போனார். விரல் நடுங்கியது. சர்க்கரை இறங்கினால் மூளை இப்படித்தான் நிற்கும்.

உணவியலாளர்
மேற்பார்வையாளர் சார், கடைசி வரியோடு உடன்பாடில்லை. நீரிழிவு இல்லாதவருக்கு இரண்டு வேளை விட்டதால் சர்க்கரை அப்படி விழுவது அரிது. கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன் (சேமித்து வைத்த சர்க்கரை) இருக்கும், அதை உடைத்து அளவைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு உதவ வரும் அட்ரினலினும், வெறும் வயிற்றில் இறங்கிய காபியும் சேர்ந்தாலே விரல் நடுங்கும். பசியும் நேரே ஏறிக்கொண்டே போகாது. வழக்கமான சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் ஏறும், சாப்பிடாவிட்டாலும் பிறகு இறங்கும். “பசி செத்துப்போச்சு” என்பது அந்த இறக்கம்தான்.

எனக்கு உறுத்துவது இரவு. ஆலோசனைக்கு வந்த ஒருவர் இரவு 10 மணிக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டு, 10:30க்குப் படுப்பார். 1 மணிக்கு நெஞ்சு எரிந்து எழுந்து உட்காருவார். விடிந்தால் பசி இருக்காது, காலைச் சாப்பாடும் போய்விடும். காலையில் பசிக்கவில்லை என்பவரிடம் முந்தின இரவு எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டார் என்று கேளுங்கள். திருத்தத்தை அங்கே தொடங்க வேண்டும். மதியம் தவறினால் மாலை 5 மணிக்குள் ஒரு முட்டையும் ஒரு பழமும், அல்லது கைப்பிடிக் கொட்டைகள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி. நேரமாகிவிட்டதென்றால் பாதி அளவு, எண்ணெய் குறைவாக, இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். அதற்காகப் பட்டினியோடும் படுக்க வேண்டாம். விழிப்பைத் தூண்டும் ஓரெக்சின் நரம்பணுக்களைப் பசி சும்மா விடாது. மாலைக் காபியையும் கவனியுங்கள், பாதி கழியவே 5 மணி நேரம் போல ஆகும். தூக்கம் குறைந்தால் மறுநாள் கிரெலின் கூடும், இனிப்புத் தேடும்.

கணக்குப் பிரிவு மேற்பார்வையாளர்
நடுக்கத்துக்குக் காபி காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இலக்கம் மாறிய அந்தப் பதிவு ஏறியது காலை 11:40க்கு. அவர் குடித்த முதல் காபியே மதியம் 2 மணிக்குத்தான்.

இரவுப்பணி செவிலியர்
பசி தானா இறங்கும்னு உணவியலாளர் சொன்னது சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்களுக்கு ஆகாது. அவங்க காத்திருக்காம குத்திப் பார்க்கணும். சாப்பிட முடியாத நாளில் எந்த மருந்தை நிறுத்தறது, எதைக் குறைக்கறதுன்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கிக்கணும். அந்த ஈரச்சட்டைக்காரரும் 11 மணிக்கு வீட்டுல அதையேதான் சொல்லிட்டுப் படுத்தாராம், பசி அடங்கிடுச்சுன்னு.