எமன் வேடம்: மேசைப் போரில் எதிரிப் படையை எடுத்தவர்களின் அனுபவப் பகிர்வு

அனுப்பானடியிலிருந்து

அம்மாவைப் பெற்ற தாத்தா ஸ்பெஷல் நாடகத்தில் எமன் வேடம் கட்டியவர். மேலூர், கொட்டாம்பட்டி பக்கம் கோயில் திருவிழா என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நாடகம் நடக்கும். சத்தியவான் சாவித்திரி கதையில் எமன் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கியிருக்கும். தாத்தா நேராக மேடைக்கு வரமாட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஜனங்களுக்கு நடுவே நடந்து வருவார். தூங்கின பிள்ளைகள் அலறிக்கொண்டு எழும். "எமனைப் பாத்து யாரும் பயப்படலேன்னா சாவித்திரி என்னத்த ஜெயிச்சா?" என்று கேட்பார். வேடம் கலைத்ததும் அழுத பிள்ளைகளைத் தேடிப் போய் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிப்பார்.

2021இல் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வார்ஹாமர் 40,000 என்ற மேசைப் போர் விளையாட்டை ஆட ஆரம்பித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு பேர் ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரர் படையை எடுத்தார்கள். ஒருவர் சாதாரண மனிதப் படையான ஆஸ்ட்ரா மிலிடாரம். மூவருமே ஒரே பேரரசைக் காப்பவர்கள். எதிரே யாராவது நிற்க வேண்டுமே. நான் டெத் கார்டு எடுத்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987இல் வந்த விளையாட்டு இது. மினியேச்சர் என்கிற சின்னப் பொம்மை வீரர்களுக்கு நாமே பெயின்ட் அடித்து, மேசையில் நகர்த்தி, டைஸ் உருட்டிச் சண்டை போட வேண்டும். கதைப்படி, டெத் கார்டு பேரரசின் பதினான்காவது லீஜியனாக (படைப்பிரிவாக) இருந்து, பிறகு நோய்த் தெய்வமான நர்கிளிடம் சரணடைந்த படை. அவர்கள் தலைவன் மோர்ட்டாரியன் நச்சுப் பனி சூழ்ந்த பார்பரஸ் கிரகத்தில், மலைமேல் இருந்த கொடுங்கோலன் ஒருவனிடம் வளர்ந்தவன். கீழே பள்ளத்தாக்கில் அவதிப்பட்ட மனிதர்களுக்காக அந்த மலைப் பிரபுக்களோடு சண்டை போட்டவனும் அவன்தான். கடைசியில் டெர்ராவுக்கு, அதாவது பூமிக்கு, போகும் வழியில் அவன் விண்கப்பல்கள் நகர முடியாமல் நின்றுவிடுகின்றன. சாகவும் முடியாத கொள்ளைநோய் தன் ஆட்களைத் தின்பதைப் பார்க்கிறான். அதை நிறுத்தத்தான் நர்கிளிடம் மண்டியிடுகிறான். வில்லனைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான்: அவன் எந்த இடத்தில் தவறினான் என்று கையை வைத்துக் காட்ட முடிய வேண்டும். கும்பகர்ணன்மேல் நமக்கெல்லாம் ஒரு பாசம் இருக்கிறதே, அப்படி.

பெயின்ட் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மூர் வெயிலுக்கு எழுதி வைத்த குறிப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அடிப்பூச்சான ஸ்ப்ரே பிரைமரை அக்னி நட்சத்திரத்தில் பகல் வேளையில் அடிக்கவே கூடாது. மினியேச்சரைத் தொடும் முன்னே காற்றிலேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டிக்கொள்ளும். டெத் கார்டின் வீரர்களான பிளேக் மரீன்களில் என் முதல் ஏழு பேர் அப்படித்தான் ஆனார்கள். நோய்ப்படை என்பதால் அந்தச் சொரசொரப்பு பொருந்திவிட்டது, பளபளப்பான மரீன் என்றால் மொத்தமும் வீண். காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் அடித்தால் சரியாக வருகிறது. ஐப்பசி மழைக்காலத்தில் அடிக்க நேர்ந்தால் மழை விட்டு நல்லா வெயில் காய்ந்த நாளாகப் பாருங்கள், இல்லையென்றால் வெள்ளை பூத்துவிடும். பெயின்ட் தட்டில் இரண்டு நிமிஷத்தில் காய்ந்துவிடாமல் இருக்க வழி: பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பாவில் நனைத்த டிஷ்யூ பேப்பர், அதன்மேல் பட்டர் பேப்பர். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

துருவுக்கு நான் எந்த விலை உயர்ந்த பொடியும் வாங்கவில்லை. கோலத்துக்குக் கரை கட்டுகிற காவிப்பொடி போதும். பூஜைச் சாமான் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கினால் ஒரு படைக்கே வரும். பச்சைக் கவசத்தின் மூட்டுகளில் தூரிகையால் தட்டி, மேலே மேட் வார்னிஷ். வீரர்கள் நிற்கிற அடித்தட்டான பேஸ் முழுக்க வைகை மணல், சலித்தது. நடுநடுவே சீமைக்கருவேல முள்ளை உடைத்து நட்டிருக்கிறேன். ஆரப்பாளையம் பாலத்திலிருந்து கோடையில் வைகையைப் பார்த்தவர்களுக்கு என் படை எங்கே நிற்கிறது என்று சொல்லத் தேவையிருக்காது.

மேசைக்கு ஒரு கணக்கு: எட்டுக்கு நாலு அடி பிளைவுட் ஒன்று வாங்கினால், பெரிய ஆட்டமான 2,000 பாயின்ட் ஆட்டத்துக்கான 60க்கு 44 அங்குலப் பலகையும், சின்ன ஆட்டமான காம்பாட் பேட்ரலுக்கான 44க்கு 30 அங்குலப் பலகையும் ஒரே பலகையில் கிடைத்துவிடும். ஆசாரியிடம் அறுக்கச் சொல்லும்போதே இரண்டு அளவையும் சொல்லிவிடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. 2023இல் பத்தாம் பதிப்பு விதிகள் வந்த புதிது. பக்கத்து வீட்டுப் பையன், அப்போது எட்டாம் வகுப்பு, புதுசாக ஸ்பேஸ் மரீன்களில் ஒரு பிரிவான நீல நிற அல்ட்ராமரீன்ஸ் வாங்கி ஆசை ஆசையாகக் கொண்டுவந்தான். அந்த விதிப்படி டெத் கார்டுக்குப் பக்கத்தில் வருகிற எதிரியின் தாங்குதிறன் ஒன்று குறையும். முதல் சுற்றில் மூன்று அங்குலத்துக்குள், இரண்டாவதில் ஆறு, மூன்றாவதிலிருந்து ஒன்பது. ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் நான்கு வலிமையுள்ள போல்ட்டர் துப்பாக்கி, நான்கு தாங்குதிறன் உள்ள மரீனைக் காயப்படுத்த டைஸில் 4 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். தாங்குதிறன் மூன்றானால் 3 விழுந்தாலே போதும். சுற்றுக்குச் சுற்று அந்த வட்டம் விரிந்துகொண்டே போகும். மரீன் ஆறு அங்குலம் நடப்பான், என் ஆள் ஐந்துதான். ஓடித் தப்பிக்க நன்றாகவே வழி இருக்கிறது, ஆனால் முன்கூட்டித் தெரிந்தால்தான்.

நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் தானாக வந்து நுழையட்டும் என்று காத்திருந்தேன். நுழைந்தான். மூன்றாம் சுற்றில் அவன் கேப்டன் போனான். பையன் எதுவும் பேசாமல் ஒவ்வொரு மினியேச்சராக எடுத்து டப்பாவில் வைத்தான். "மாமா, இனிமே நான் வரல" என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா மேடையில் எமன், கீழே இறங்கினால் மிட்டாய் கொடுப்பவர். நான் மேடையில் எமனாக இருந்துவிட்டு, கீழேயும் எமனாகவே இருந்துவிட்டேன்.

மறுநாள் மூங்கில் குச்சியை மூன்று, ஆறு, ஒன்பது அங்குலமாக நறுக்கிச் சிவப்பு பெயின்ட் அடித்தேன். இன்றுவரை அந்த மூன்று குச்சியும் எதிரில் ஆடுபவர் பக்கத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது, "இப்ப என் நோய் இவ்வளவு தூரம் வரும்" என்று நானே குச்சியை எடுத்து வைத்துக் காட்டுவேன். அவர் ஆளை நகர்த்தி அந்த எல்லைக்குள் வைக்கப் போனால், கையை எடுக்கும் முன் சொல்லிவிடுவேன். இப்படிச் சொல்ல ஆரம்பித்த பிறகு நான் தோற்கிற ஆட்டங்கள் கூடியிருக்கின்றன. என் படையைப் பார்த்து வருகிற பயமும் கூடியிருக்கிறது. வருவது தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்ப்பதில்தான் அந்தப் பயம் இருக்கிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

திருப்பரங்குன்றத்திலிருந்து

அண்ணே, குச்சி யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். என் அனுபவம் சின்னது. நான் முதலில் வாங்கியது அதே வார்ஹாமரில் ட்ருகாரி என்ற படை. மினியேச்சர்களின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டேன், முழுக்க முழுக்க அதுதான் காரணம். மெலிந்த உடம்பு, கூர்மையான கவசம், கருநீலம் அவ்வளவு பொருந்தும். பாதி பெயின்ட் அடித்த பிறகுதான் கதையை உட்கார்ந்து படித்தேன். மற்றவர்களின் வலியைக் குடித்து உயிர் வாழ்கிற கூட்டம், சித்திரவதைதான் அவர்களுக்குச் சாப்பாடு. ஆட்டத்தில் அவர்களுக்குப் பலம் சேர்வதும் வலியிலிருந்துதான். இரண்டு ஆட்டம் ஆடினேன். ஜெயித்தும் மனசு ஒட்டவில்லை. நான் செவிலியர் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் வலியைக் குறைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதை எண்ணிச் சேர்ப்பது எனக்கு ஆகவில்லை. வேறு ஒருவருக்கு ஆகலாம், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் வாங்கின விலைக்கே கொடுத்துவிட்டேன்.

இப்போது நெக்ரான் படை. தங்கள் சூரியனாலேயே சீக்கிரம் செத்துப்போகிற இனமாக இருந்து, சாகாமல் இருக்க ஆசைப்பட்டு, ஏமாற்றப்பட்டு, உயிரைக் கொடுத்து உலோக உடம்பு வாங்கினவர்கள். பெரிய தலைவர்களுக்குத்தான் நினைவு மிச்சம். சாதாரணப் போர்வீரனுக்கு எதுவும் கிடையாது, விழுந்தால் எழுந்து நடப்பான், அவ்வளவுதான். வெள்ளி பூசி, நீர்த்த கறுப்பு பெயின்டான வாஷ் விட்டால் பாதி வேலை முடிந்தது என்பதும் எனக்கு வசதி, டூட்டி முடிந்து வந்து ஒரு மணி நேரத்தில் ஐந்து பேரை முடித்துவிடலாம். எங்கள் ஊரில் கந்த சஷ்டிக்கு சூரனின் தலை ஒவ்வொன்றாக மாறி மாறி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விழுந்தவன் மறுபடி வேறு முகத்தோடு நிற்பான் என்பது சின்ன வயதிலிருந்தே பழகிய பயம். என் அக்கா மகளுடன் ஆடும்போது, விழுந்த நெக்ரான் எழுந்தால் அவள் "சூரன் வந்துட்டான்" என்று கத்துவாள். கத்திவிட்டு மறுபடி சுடுவாள்.

மேலூரிலிருந்து

கற்பனை வில்லன் எடுத்தவர்கள் எழுதிவிட்டீர்கள். நான் நிஜத்தில் இருந்த படையை ஆடுகிறேன். போல்ட் ஆக்‌ஷன், இரண்டாம் உலகப்போர், 28 மில்லிமீட்டர் அளவு. ஒவ்வொரு அணிக்கும் ஒரு டைஸ். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்போம், எந்த நிறம் வருகிறதோ அந்தப் பக்கத்துக்காரர் ஓர் அணிக்கு உத்தரவு கொடுக்கலாம். எங்கள் வீட்டில் பை என்றால் மஞ்சப்பைதான், கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குக் கொடுத்தது.

எங்கள் குழுவில் ஆளாளுக்கு இந்திய, பிரிட்டிஷ் படை வைத்திருந்தார்கள். நாகாலாந்தின் கோஹிமாவில் ஜப்பானியரோடு நடந்த சண்டையை ஆட வேண்டும் என்று ஆசை. 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை நடந்தது அது. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தார்கள். ஜப்பானியப் படையை எடுக்க ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் அண்ணன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அங்கிருந்து ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர், 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்த பாதை. பல்லாயிரம் தமிழர் அங்கே செத்தார்கள். பெரிய தாத்தா திரும்பவில்லை. தேதி தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் அவருக்குப் படைக்கிறோம். இன்னொரு தம்பி அதே மலாயாவில் நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். அண்ணனைக் கொண்டுபோன படைக்குப் பக்கத்தில் நின்று தம்பி சண்டை போட்டார். நாட்டு விடுதலைக்கு என்று நம்பித்தான் போனார். இரண்டு பேர் படமும் எங்கள் வீட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்று மாதம் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். "அவங்க எப்படி இருந்தாங்கன்னு தெரிஞ்சவன் ஆடுறதுதான் சரி" என்றார். சரி என்று எடுத்தேன். சில விஷயங்களை நானே வரையறுத்துக்கொண்டேன்: மேசையில் கொடி கிடையாது, பாய்ந்து தாக்கும்போது கத்துவது கிடையாது, ஆட்டம் தொடங்கும் முன் ரயில்பாதையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுவேன். யாரும் ஒருமுறைகூட அதைச் சலிப்பாகக் கேட்கவில்லை.

விதிப்படி இந்தப் படை பாதி ஆள் விழுந்தாலும் கலையாது. கடைசி ஆள் வரை நிற்கும். புத்தகத்தில் படிக்கும்போது அது பலமாகத் தெரிந்தது. ஆடும்போது ஒவ்வொரு சுற்றிலும் என் கையாலேயே ஆட்களை எடுத்து வெளியே வைக்கிறேன், மிச்சம் இருப்பவன் ஓடவும் மாட்டேன் என்கிறான். கிட்டத்தட்ட மூன்று வாரச் சாப்பாட்டோடு அனுப்பப்பட்ட படை அது. பட்டினியில் ஆட்கள் விழுவதைப் பார்த்த தளபதி சாட்டோ, மேலிடத்து உத்தரவை மீறித் தன் டிவிஷனைப் பின்வாங்க வைத்தார். நான் ஆறாவது சுற்றில் அதைத்தான் செய்தேன். டென்னிஸ் மைதானத்தை விட்டுவிட்டு, மிச்சமிருந்த இரண்டு அணியையும் பலகை விளிம்பு வழியாக வெளியே கொண்டுபோனேன். ஆட்டத்தில் அதற்குப் பாயின்ட் கிடையாது. எதிரில் ஆடிய நண்பர் சுடுவதற்குப் பகடையைக் கையில் எடுத்தவர், திரும்பக் கீழே வைத்தார். அந்த ஆட்டத்தைவிட நல்ல ஆட்டம் இதுவரை நான் ஆடவில்லை.

ஹிட்லரின் எஸ்.எஸ். படையை மட்டும் யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்தால் ஆட மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வரலாற்றுச் சண்டைக்கு அவர்களும் வேண்டும் என்று சிலர் வாதாடுவார்கள். அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் என்னால் முடியாது.

மறுபடியும் அனுப்பானடியிலிருந்து

மேலூர் அண்ணே, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

நாடகக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் ஒன்று சேர்க்கிறேன். மதுரை தமுக்கத்தில் சிலையாக நிற்கிற நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் வேடங்களில் பேர் வாங்கியவர். வேடத்தோடு அவரைப் பார்த்த கர்ப்பிணி ஒருத்திக்கு அதிர்ச்சியில் விபரீதம் ஆகிவிட்டது, அதன்பின் அவர் வேடம் போடுவதையே விட்டுவிட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். தாத்தா மிட்டாயை மடியில் கட்டிக்கொண்டே வேடம் போட்டதற்கு அந்தக் கதைதான் காரணம் என்று அம்மா இப்போதுதான் சொன்னார். எனக்கு இத்தனை நாள் தெரியாது.

அந்தப் பையனைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நாலு மாதம் அவன் வரவில்லை. அப்புறம் ஒரு நாள், குச்சிகளைப் பார்க்க வேண்டும் என்று வந்தான். பார்த்துவிட்டு, காம்பாட் பேட்ரல் பலகையை அவனே எடுத்துப் போட்டான். இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் டெத் கார்டு, நான் அவனுடைய அல்ட்ராமரீன்ஸ். குச்சிகளை நேற்றே வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மாலை ஐந்து மணி, வெயில் இறங்கின பிறகு, எங்கள் மொட்டைமாடி. வருபவர்கள் சொல்லுங்கள், டீ எத்தனை என்று தெரிய வேண்டும்.