13 வயதுப் பையனுக்குக் கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கிறது, ட்வின் பிளாக் போடலாமா?

திருச்சி அம்மா:
மேல்பல் எடுப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தோம். பல் சீரமைப்பு மருத்துவர் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கீழ்த்தாடைதான் பின்தங்கியிருக்கிறது என்றார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே 9 மி.மீ. தாடையை முன்னால் தள்ளிக் கடிக்கச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டினார். பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, முகம் அவ்வளவு மாறியது. முதலில் கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும் ட்வின் பிளாக் என்ற கழற்றி மாட்டும் கருவி, அப்புறம் கம்பி கிளிப்பாம். மாமியாரோ, “வளர்ந்தால் சரியாகிவிடும், 18 வயதில் பார்க்கலாம்” என்கிறார். ட்வின் பிளாக்கைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றக் கூடாதாமே, நிஜமா?

கடைசிபெஞ்ச்:
நிஜம்தான் அக்கா. நான் 12 வயதில் போட்டவள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கட்டைகள். வாயை மூடினால் இரண்டின் சரிவும் உரசி, கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். மெல்லும்போதும் அந்த வேலை நடக்க வேண்டும். முதல் வாரம் தலையணையெல்லாம் எச்சில். ‘ச’ வராது. மூன்று நாள் தயிர்சாதம்தான், நாலாம் நாள் தோசை இறங்கியது.

என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குள் நுழையும் முன் கழற்றி, டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டுவிடுவேன். மாலையில் வீட்டு வாசலில் மறுபடி மாட்டுவேன். நாலு மாதமாகியும் இடைவெளி குறையவில்லை. டாக்டர் அளந்து பார்த்தார், என்னை ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் அந்த டிஷ்யூவைக் குப்பை என்று யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். புதிதாக அச்சு எடுத்து, மறுபடி பணம் கட்டி... அப்பா இன்றும் சொல்லிக்காட்டுவார். அதற்குப் பிறகு ஒழுங்காகப் போட்டேன், பத்து மாதத்தில் பல் சேர்ந்தது. முதலில் ஒரு டப்பா வாங்குங்கள். வெந்நீரில் மட்டும் கழுவாதீர்கள், வளைந்துவிடும்.

பல்டாக்டர்:
18 வரை காத்திருக்காதீர்கள் அம்மா. இந்தக் கருவிக்கு உடல் வேகமாக வளரும் பருவம்தான் தோது. அதே எக்ஸ்ரேயில் கழுத்திலுள்ள முதுகெலும்புகளின் வடிவத்தை வைத்து அதைக் கணிப்போம். வளர்ச்சி முடிந்துவிட்டால், பல்லைப் பிடுங்கி இடைவெளியை மறைப்பது அல்லது தாடை அறுவை சிகிச்சை, இவ்வளவுதான் வழி. ஆனால் ஒன்று. தாடை நீண்டுவிடும் என்று அதிகம் எதிர்பார்க்காதீர்கள். எலும்பில் கிடைப்பது சில மி.மீ.தான், இடைவெளி குறைவதில் பெரும்பங்கு பற்கள் நகர்வதால். ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1970களில் இதை வடிவமைத்தார். இன்றும் நாங்கள் அதிகம் கொடுப்பது இதைத்தான். பல் துலக்கவும், பந்து விளையாடவும் கழற்றலாம்.

மதுரை அப்பா:
என் மகன் கழற்றிக் கழற்றியே வைத்தான். கடைசியில் பல்லோடு ஒட்டிவிடும், அவனால் கழற்றவே முடியாத ஹெர்ப்ஸ்ட் என்ற தாடைக் கருவியைப் போட்டுவிட்டார்கள். உங்கள் பையன் எப்படி?

திருச்சி அம்மா:
அவன் டிபன் பாக்ஸையே வாரம் ஒருமுறை தொலைப்பவன். சனிக்கிழமை அச்சு எடுக்கப் போகிறோம். ஹெர்ப்ஸ்ட் பற்றியும் கேட்டுவிடுகிறேன். டப்பா இரண்டாகவே வாங்கிவிட்டேன்.