இரைச்சலையே இசையா வாசிக்கறவங்க கேக்கறவங்களை நினைக்கோணுமா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பல்லடத்தார்:
அமெரிக்க இசையமைப்பாளர் மில்டன் பாபிட் 1958ல எழுதுன கட்டுரைக்கு ‘நீங்க கேட்டா யாருக்கென்ன’ங்கற மாதிரி தலைப்பு வெச்சது பத்திரிகைக்காரங்க. அவரு வெச்ச தலைப்பே வேற. அதைப் புடிச்சுட்டு இன்னமும் சண்டை ஓயலை. கேக்கறவங்களை நினைக்கறதுன்னா மெட்டுச் சேர்க்கறதில்லைங்க, எவ்வளவு சத்தம், எத்தனை நேரம்னு பார்க்கறது. 94 டெசிபல்னா ஒரு மணி நேரம், 97னா அரை மணி, 100னா கால் மணி. அதுக்கு மேல காதுக்குக் கேடு. போன்ல அளக்கறப்ப ‘ஏ’ அளவு மட்டும் பார்த்தா பேஸ், அதான் அடிச்சத்தம், கணக்குல முழுசா வராது. அதையும் சேர்த்து அளக்கற ‘சி’ அளவையும் போட்டுப் பாருங்க.

கோபிக்காரர்:
கல்யாண மண்டபத்துல வாசிக்கறவங்களுக்கு: 40 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் எட்டரை மீட்டர். சுவரோரம் நின்னா நெஞ்சு அதிரும், அங்கிருந்து ஏழடி தள்ளி வந்தா அந்த பேஸையே காணோம். மேடையில நின்னுட்டு ‘பேஸ் பத்தலை’ன்னு ஏத்துனா சுவரோரம் உட்கார்ந்தவருதான் மாட்டிக்குவாரு. வாசிக்கறவரு முதல்ல மண்டபத்தை ஒரு சுத்து நடந்துரோணும்.

அப்பறம் சீலிங் ஃபேன். நிமிஷத்துக்கு 300 சுத்து, மூணு றெக்கைன்னா நீளமா இழுக்கற சுரத்தை நொடிக்கு 15 தடவை வெட்டும். சித்திரை வெயில்ல ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியுங்களா? அதையும் சேர்த்தே இசை பண்ணிக்க வேண்டியதுதான்.

சோமனூரார்:
இங்கத்திக் காதே வேறைங்க. பத்துத் தறி ஓடறப்ப முதுகுக்குப் பின்னால ஒண்ணு நின்னாலும் தெரிஞ்சுக்கறவங்ககிட்ட இரைச்சலை அள்ளிக் கொட்டி அதிர்ச்சி குடுக்க முடியாது. ஒண்ணு மேல ஒண்ணா ஓடற நாலு சத்தத்துல ஒண்ணை மெதுவா உருவுங்க, உடனே தலை திரும்பும்.

ஆனா ஒண்ணு. வருஷக்கணக்கா தறிச் சத்தத்துல இருந்தா முதல்ல அடிபடறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். நுணுக்கத்தையெல்லாம் அதுக்கு மேல வெச்சா அவங்களுக்கு எட்டாது. அதுக்காக சத்தத்தை ஏத்தாதீங்க, மிச்சக் காதும் போயிரும். 500லிருந்து 1,500க்குள்ள இறக்கிக் கொண்டாங்க.

ஈரோட்டுக்காரர்:
சோமனூரார் சொல்றது சரி. ஆனா எல்லாத்தையும் காதுக்குத் தோதா மாத்துனா அது சோதனை இசையாங்க? எனக்கு அதுல சம்மதமில்லை. பத்திரம் மட்டும் கட்டாயம். சத்தங்களைக் கலக்கற மிக்சரோட அவுட்டையே அதோட இன்புட்டுக்குச் சுத்தி வாசிக்கறப்ப குமிழை மயிரிழை திருப்புனா போதும், சத்தம் எகிறிரும். சத்தம் ஒரு அளவைத் தாண்டாம அமுக்கற லிமிட்டரை அந்தச் சுத்துக்குள்ள வெக்காதீங்க, அதுவும் கூடச் சேர்ந்து ஊளையிடும். மிக்சருக்குப் பின்னால, ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால வெக்கோணும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டற ஃபில்டர் லிமிட்டருக்கும் முன்னால. மாத்தி வெச்சா, காதுக்கே கேக்காத அடிச்சத்தம் லிமிட்டரை அமுக்கி மேல இருக்கற சுரமெல்லாம் மூச்சு வாங்கற மாதிரி ஏறி இறங்கும்.

பல்லடத்தார்:
தகரக் கொட்டாய்னா 30லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே சுரத்தை மெதுவா ஏத்திப் பாருங்க. தகரம் எங்க கிடுகிடுங்குதோ அந்த ஹெர்ட்ஸை மட்டும் ஈக்யூல (ஹெர்ட்ஸ் வாரியா சத்தத்தை ஏத்தி இறக்கறது) குறுகலா 6 டெசிபல் குறைங்க. முதல்ல ஏணி போட்டு போல்ட்டை முறுக்கிப் பாருங்க, பாதி அதுலயே அடங்கிரும்.