தூக்குவாளியும் நாலு கவர் சாம்பாரும்

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு அடுப்புக்கு லீவு. தெருமுனை ஓட்டலில் இட்லியும் பொங்கலும் பார்சல். நாலு பேருக்கு வாங்கினால் சாம்பாருக்கு நாலு கவர், சட்னிக்கு ஆறு, வடைக்கு ஒன்று, எல்லாவற்றையும் போட ஒரு பை. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு.

அடுத்த வாரம் அம்மாவின் பழைய தூக்குவாளியையும் இரண்டு எவர்சில்வர் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். பார்சல் கட்டுகிற அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வாளியை வாங்கி வைத்தார். நாலு கவரை ஊதிப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் சாம்பாரை ஊற்றினார். பிறகு நாலையும் வாளிக்குள் கவிழ்த்துவிட்டு, கவரைக் கசக்கிக் காலடியில் போட்டார்.

"என்னண்ணே இது?"

"என்னக்கா பண்றது, கவர்தான் எனக்கு அளவு. நேரா ஊத்துனா கூடப் போயிருச்சுன்னு கல்லாவுல சத்தம் போடுவாங்க."

நியாயம்தானே. அந்தக் கடைக்குப் படி, ஆழாக்கு எல்லாமே கவர்தான். அதற்கடுத்த வாரம் கூட்டம் சேரும் முன் ஆறரை மணிக்கே போய், ஒரு கவருக்கு எத்தனை கரண்டி என்று அவரையே எண்ண வைத்தேன். ஒன்றரை. அப்போ நாலுக்கு ஆறு. இப்போதெல்லாம் வாளியைப் பார்த்ததுமே "ஆறு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுகிறார். சில நாள் ஏழாவதும் விழும். எட்டு மணிக்கு மேல் போனால் மட்டும் முகம் கொடுக்க மாட்டார். மூடி சரியில்லாத வாளி என்றால் வண்டியைக் கழுவவும் தயாராக இருங்கள்.

*

உங்கள் தூக்குவாளிக் கதையைப் படித்தேன், அக்கா. எனக்கு மீன்காரம்மாவிடம் ஒரு சிக்கலும் இல்லை. சட்டியை நீட்டினால் தராசுத் தட்டிலிருந்து நேராகத் தட்டிவிடுகிறார். மாட்டிக்கொண்டது சூப்பர் மார்க்கெட்டில். கவரில் போட்டால்தான் எடை ஸ்டிக்கர் ஒட்ட முடியுமாம். சரி, காயிலேயே ஒட்டுங்கள் என்றேன். அரைக் கிலோ விலையை முதுகில் சுமந்த ஒரே கத்திரிக்காயோடு பில் போடுமிடத்துக்குப் போனேன். "ஒரு கத்திரிக்காய் இவ்வளவா!" என்று சிரித்த அந்தப் பெண், துணிப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

*

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். நான் ஏமாந்தது தாம்பூலப் பையில். 2022இல் மகள் கல்யாணத்துக்கு, "துணி மாதிரியேதான் சார், விலை பாதி" என்று கடையில் காட்டிய பையை 500 எடுத்தேன். கல்யாணம் முடிந்து மிஞ்சிய பை ஒன்றின் ஓரத்தை என் மைத்துனர் விளக்கில் காட்டினார். சாம்பலாகவில்லை, உருகிச் சொட்டியது. நெய்யாத பை என்று சொல்லப்படும் அது பாலிப்ரொப்பிலீன், அசல் பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்பும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, டீக்கடையில் யார் கேட்கிறார்கள்! 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை ஆரம்பித்திருந்தது. அதன் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

மகன் கல்யாணத்துக்குக் காடாத் துணியில் தைக்கக் கொடுத்திருக்கிறேன். டெய்லர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தேங்காய் என்ன சைஸ் சார்?"