செங்குத்தான மலையில் வேட்டை: எடை குறைவாகவும் காலைத் தாங்குவதாகவும் பூட்ஸ் வேண்டும்

கரடுமுரடு:

வணக்கம். வரும் பருவத்தில் மலையாடு வேட்டைக்கு உரிமம் கிடைத்திருக்கிறது. இதுவரை நான் சுற்றியதெல்லாம் சமவெளிக் காடும் சின்னக் குன்றுகளும்தான். இந்த முறை போகிற இடம், மரங்கள் முடிகிற எல்லைக்கு மேலே. சரளைச் சரிவு, ஈரப் புல், இடையிடையே கையை ஊன்றி ஏற வேண்டிய பாறை. நாலைந்து நாளைக்குக் கூடாரம், சாப்பாடு எல்லாம் முதுகில்தான். போகும்போதே 20 கிலோ இருக்கும். ஆடு கிடைத்தால் திரும்பும்போது எவ்வளவு என்று இப்போதைக்கு யோசிக்கவில்லை.

கையில் இருப்பது முழுத்தோல் பூட்ஸ், 25 செ.மீ. உயரம், ஒரு கால் மட்டும் 1.1 கிலோ. சமதரையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஏற்றத்தில் மத்தியானம் தாண்டினால் காலைத் தூக்கி வைப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. கூட வருகிறவர் "ட்ரெயில் ஷூவே (கணுக்காலை மூடாத, இலேசான மலைப்பாதை ஷூ) போதும், எடைதான் எதிரி" என்கிறார். கடைக்காரரோ உயரமான, கனமான பூட்ஸ் இல்லாவிட்டால் கணுக்கால் போய்விடும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது? கோர்டெக்ஸ் (தண்ணீர் புகாத, வியர்வை ஆவியை வெளியே விடுகிற உள் படலம்) அவசியமா? இன்னொன்று: என் பாதம் முன்பக்கம் அகலம், குதிகால் ஒல்லி.

காற்றாடி:

நான் உங்கள் நண்பர் கட்சி. ட்ரெயில் ஷூவும் இரண்டு ஊன்றுகோலும் போதும். நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும், அடி வைப்பதும் துல்லியமாக இருக்கும். ஆனால் ஒன்று, நான் பெரும்பாலும் காய்ந்த பருவத்தில், பாதையுள்ள இடங்களில், 12 கிலோவுக்கு மேல் சுமக்காமல் போகிறவன்.

பழைய லேஸ்:

காற்றாடி தம்பி கடைசி வரியில் போட்டிருப்பதுதான் விஷயமே. பாதை, வறட்சி, 12 கிலோ. இந்த மூன்றும் கேள்வி கேட்டவருக்குக் கிடையாது.

கரடுமுரடு, உங்கள் நண்பர், கடைக்காரர் இருவருமே பாதி சரி. எடை எதிரிதான். காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஐந்தாறு கிலோ அளவுக்கு உடம்பை வாங்கும் என்பது ஆய்வுகளில் அளந்து பார்த்த கணக்கு. இப்போதைய பூட்ஸிலிருந்து 750 கிராம் பூட்ஸுக்கு மாறினால் இரண்டு காலுக்கும் சேர்த்து 700 கிராம் குறையும். பையிலிருந்து மூன்றரை கிலோவை எடுத்து வெளியே வைத்த மாதிரி.

ஆனால் அந்த 700 கிராமை எங்கே குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலைத் தாங்குவது பூட்ஸின் உயரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சரிவில் காலைத் தாங்குவது முதலில் சோல், அடுத்தது குதிகால் பிடிப்பு. உயரம் மூன்றாவதுதான்.

மலையைக் குறுக்காகக் கடக்கும்போது கவனித்துப் பாருங்கள். முழுப் பாதமும் தரையில் படுவதே இல்லை. சோலின் மலைப்பக்க விளிம்பு மட்டும்தான் மண்ணைக் கடித்துக்கொண்டு நிற்கும். சோல் கெட்டியாக இருந்தால் அந்த விளிம்பே ஒரு படியாகிவிடும், நீங்கள் அதன்மேல் நிற்கலாம். சோல் தொளதொள என்றிருந்தால் அது சரிவோடு சாயும், கூடவே பாதமும் சாயும். அதை நிமிர்த்திப் பிடிக்கிற வேலை கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் போகும். அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், நாள் முழுக்க முடியாது. ட்ரெயில் ஷூவில் இந்த இடத்தில்தான் பிரச்சினை. உங்கள் பழைய பூட்ஸும், அவ்வளவு கனம் இருந்தும், இதே இடத்தில் ஏமாற்றியிருக்கலாம். சமவெளிக்குச் செய்த உயரமான பூட்ஸ் பலவற்றில் சோல் நடப்பதற்கு வசதியாக நன்றாக வளையும்.

கடையில் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் கையால் பாருங்கள். ஒரு கையில் குதிகால், மறு கையில் நுனி, ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் கீழே வைத்துவிடலாம். அடுத்து நுனியைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். விரல்கள் தொடங்குகிற இடத்தில், கொஞ்சம் முரண்டு பிடித்து வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளைந்தால் உள்ளே ஷாங்க் (சோலுக்கு விறைப்புத் தரும் தகடு) சரியில்லை. பிறகு குதிகாலின் இரு பக்கமும் கட்டைவிரலால் அமுக்குங்கள். உள்ளே போகக் கூடாது.

வகை கேட்டால், ஜெர்மனியின் மைண்டல் நிறுவனம் வகுத்த ஏ முதல் டி வரையிலான அளவுகோலைப் பல கடைகள் பயன்படுத்துகின்றன. ஏ சாதாரண நடை, டி பனிக்கட்டிச் சுவர் ஏறுவதற்கான விறைப்பு. உங்களுக்கு பி-க்கும் சி-க்கும் இடைப்பட்ட பி/சி. சி வரை போனால் பாறையில் பிரமாதம், ஆனால் அடிவாரத்துக்குப் போய்ச் சேரும் நீண்ட நடையில் பாதம் கெஞ்சும். தவிர, வேட்டைக்கென்றே ஒரு சங்கடம் உண்டு: விறைப்பான சோல் கல்லில் பட்டால் டக் டக் என்று கேட்கும். கடைசி நூறு மீட்டர் பதுங்கிப் போகும்போது அது உங்களுக்கே எரிச்சலாக இருக்கும். பி/சி வகையில் ஒரு கால் 650 முதல் 850 கிராமுக்குள் நல்ல பூட்ஸ் கிடைக்கும்.

எதைக் குறைக்கலாம்? உயரத்தைக் குறைக்கலாம். 20 செ.மீ. தாராளம். 25 செ.மீ. இறக்கத்தில் முழங்காலை முன்னால் தள்ள விடாது, காலின் பின்புறத்தையும் அறுக்கும். பனியும் தண்ணீரும் உள்ளே வராமலிருக்க கெய்ட்டர் (பூட்ஸுக்கு மேல் காலைச் சுற்றி மாட்டும் உறை) போடுங்கள், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். தோலின் தடிமனையும் குறைக்கலாம். குறைக்கவே கூடாதது, சோலுக்கு மேலே சுற்றி வரும் ரப்பர் பட்டை. சரளைக் கல் முதலில் தின்பது அங்கிருக்கும் தையலைத்தான்.

சோலில் விப்ரம் (சோல் தயாரிக்கும் நிறுவனம்) முத்திரை இருந்தால் போதும் என்பார்கள். அந்த ஒரே பெயரில் பல ரப்பர் கலவைகள், பல வடிவங்கள் வருகின்றன. புரட்டிப் பாருங்கள்: குதிகாலுக்கு முன்னால் ஒரு படி வெட்டியிருக்க வேண்டும். ஈரப் புல்லில் இறங்கும்போது பிரேக் அதுதான். நுனியில் மேடுபள்ளம் இல்லாத வழவழப்பான கொஞ்ச இடம் இருந்தால் பாறை விளிம்பில் நிற்க உதவும்.

உள்ளே பஞ்சு மாதிரி வெப்பக்காப்பு வைத்ததை வாங்காதீர்கள், கடும் குளிர்காலமாக இல்லாத வரை. ஏறும்போது வியர்த்து, பைனாகுலரோடு உட்காரும்போது அந்த வியர்வையே குளிரும். காய்ந்த கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி மாற்றிக்கொண்டால் அதைவிட நன்றாக இருக்கும்.

கரடுமுரடு:

அண்ணா, மிக்க நன்றி. பழைய பூட்ஸை இப்போதுதான் முறுக்கிப் பார்த்தேன். பூரிக்கட்டை மாதிரி கனம், ஆனால் நன்றாகவே முறுக்குகிறது! அந்த அகல முன்பாதம், ஒல்லிக் குதிகாலுக்கு என்ன செய்ய? அகலமானதை எடுத்தால் குதிகால் தூக்குகிறது, ஒல்லியானதை எடுத்தால் சுண்டுவிரல் கத்துகிறது.

பழைய லேஸ்:

குதிகாலுக்கு ஏற்றதை எடுங்கள். முன்பக்கத்தைக் கொஞ்சம் இழுத்து அகலப்படுத்த முடியும், அதிலும் தோலென்றால் சுலபம். குதிகாலைச் சுருக்க வழியில்லை, தடித்த இன்சோல் (பாதத்துக்கு அடியில் போடும், கழற்றக்கூடிய அட்டை) போட்டு ஓரளவு சமாளிக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு அச்சில் செய்கிறது. அளவு எண் ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறும். அதனால் இணையத்தில் பாராட்டு மழை பொழிகிற பூட்ஸ் உங்கள் காலுக்கு விஷமாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் போங்கள், கால் வீங்கியிருக்கும். மலையில் போடப்போகிற சாக்ஸோடு போங்கள். லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு லேஸைக் கட்டி, சரிவுப் பலகையிலோ படியிலோ கீழ்நோக்கி நின்று குதித்துப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் வேண்டாம். கடையில் லேசாக இடிக்கிற விரலின் நகம், 35 கிலோவோடு இறங்கும்போது கறுத்துப்போகும்.

லேஸ் கட்டும்போது பாதத்தின் மேல்வளைவில், கொக்கி தொடங்கும் இடத்தில், ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இறுக்குங்கள். அந்த முடிச்சு நழுவாது; கீழே இறுக்கம், மேலே தளர்வு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஏறும்போது மேல் கொக்கிகளைத் தளர்த்துங்கள், இறங்கும் முன் நின்று மேல்வளைவை இறுக்குங்கள். சோம்பல்பட்டு இதைச் செய்யாமல் விட்டுவிட்டு பூட்ஸைத் திட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஈரமண்:

கோர்டெக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஈரப் புல்லும் பனியும் இருக்கிற இடமென்றால் இருக்கட்டும். ஆனால் அது பூட்ஸின் வாய் வழியாக உள்ளே வருகிற தண்ணீரைத் தடுக்காது, ஓடையில் கால் முழுகினால் அவ்வளவுதான், காய ராத்திரி முழுக்கப் போதாது. வெளித்தோல் ஊறிவிட்டால் வியர்வை வெளியேறுவதும் குறைந்துவிடும். அதனால் மெழுகு பூசிப் பராமரிக்க வேண்டும். நனைந்தால் நெருப்பருகே வைக்காதீர்கள். தோல் வெடிக்கும், பசை விடும். இன்சோலை உருவிவிட்டுக் காற்றில் வையுங்கள், ராத்திரி காய்ந்த துணியை உள்ளே திணியுங்கள்.

யாராவது பல வருடம் பெட்டியில் கிடந்த பூட்ஸை மலிவாகத் தருகிறேன் என்றால் யோசியுங்கள். நிறைய மலை பூட்ஸில் மிட்சோல் (அடி ரப்பருக்கு மேலே இருக்கும் மெத்தை அடுக்கு) பாலியூரித்தேன். அது போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதையும். பார்க்கப் புதிதாக இருக்கும், சரிவில் சோல் மொத்தமாகக் கழன்று வரும். மிட்சோலுக்குப் பயன்படும் இன்னொரு நுரைப்பொருளான ஈவிஏ இலேசு, அப்படிச் சிதையாது. ஆனால் பாரத்தில் சீக்கிரம் அமுங்கிப்போகும்.

கரடுமுரடு:

சரி, பி/சி வகையில் இரண்டு ஜோடி எடுத்து வந்து வீட்டுப் படியில் பையோடு ஏறி இறங்கிப் பார்க்கிறேன். பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். பருவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பழக்கப்படுத்த அது போதுமா?

பழைய லேஸ்:

போதும், சமதரையில் மட்டும் நடக்காமல் இருந்தால். சரிவைக் குறுக்காகக் கடந்து பழகுங்கள், பாரத்தை வாரம் வாரம் ஏற்றுங்கள். எங்காவது சூடாக உறுத்தினால் அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை. பையில் ஒரு ஜோடி லேஸ் கூடுதலாக இருக்கட்டும்.